தேதி முடிந்தவர்கள்

காலை ஐந்து மணிக்கே கொதிகலன் சூடேறி முடிந்திருக்கும். ஓட்டல்களிலிருந்து இறங்கிய அழுக்கு மூட்டைகள் கதவை அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்குக் கிடக்கும். ஈரப் படுக்கை விரிப்பைத் தூக்கியவர்களுக்குத்தான் துணி எவ்வளவு கனக்கும் என்று தெரியும். சலவை எந்திரத்தின் வாய்க்குள் கையை விட்டு இழுத்தால், ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறிப் பிரித்து, தள்ளுவண்டியில் போட்டு, இஸ்திரி உருளைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளுப்பு மருந்தின் நெடி மூக்கில் ஏறும். விடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். வெளியே குளிர், உள்ளே ஆவி. நடுவில் நாங்கள் இருபத்திரண்டு பேர்.

நான் அங்கே சூப்பர்வைசர். யார் எந்த எந்திரத்தில் நிற்பது என்று தினமும் பலகையில் எழுதுவது என் வேலை. அன்று உருளைக்கு நேராக என் அக்காவின் பெயரை எழுதியவன் நான்தான்.

அக்கா இந்த நாட்டுக்குத் துணி தேய்க்க வரவில்லை. என் மனைவியின் பிரசவத்துக்கு வந்தாள். மூன்று மாத விசிட் விசா. குழந்தையைக் குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள், இடுப்பில் போட்டுக்கொண்டே சமைத்தாள். விசா முடிவதற்கு முன்பு எழுதிப் போட்டால் நீட்டித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் தாண்டினாலும் கிடையாது. தாண்டித் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். நாள் ஏற ஏற, திரும்பி இந்த மண்ணை மிதிக்க முடியாதபடி தடை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நாளைக்குப் போகலாம், லீவு கிடைத்ததும் போகலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் நான்கு நாள் பிந்தி விசா அலுவலகத்தில் போய் நின்றேன்.

கவுண்டரில் இருந்தவர் தேதியைப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார். "இப்பவே டிக்கெட் போட்டு அனுப்பிடுங்க. அபராதம் கொஞ்சத்தோட போயிடும்" என்றார்.

அனுப்பியிருக்கலாம். ஆனால் என் மனைவிக்கு அடுத்த வாரம் வேலையில் சேர வேண்டும். குழந்தையைப் பார்க்க வேறு யாருமில்லை. வீட்டுக்கு வந்தேன். அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "என்னடா, போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சுக்கா" என்றேன்.

மனைவியிடமும் அதையேதான் சொன்னேன்.

மனைவிக்கு மதிய வேலை. காலையில் அக்காவுக்குக் கை சும்மா இருந்தது. "நானும் உன்கூட வர்றேன்டா. ஊர்ல இருக்கற என் பொண்ணுக்கு நாலு காசு சேக்கலாம்ல" என்றாள். விசிட்டில் வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது. "நாலு மணி நேரம்தானே, யாருக்குத் தெரியப் போகுது" என்று நானே கூட்டிக்கொண்டு போனேன்.

முதலாளி எங்கள் மொழிக்காரர். வாயைத் திறந்தால் "நம்ம ஆளுங்கதானே" என்பார். அதனால் அவருக்கு நம்மாளு என்றே பெயர் விழுந்துவிட்டது. விசிட்டில் வந்தவர்கள், அக்காவையும் சேர்த்து, ஆறு பேர் அவரிடம் இருந்தார்கள். ஆறு பாஸ்போர்ட்டும், "பத்திரமா இருக்கட்டும்" என்று அவருடைய மேசை டிராயருக்குள் போயின. அந்த ஆறு பேருக்கும் பாதிக் கூலி. போன மாதம் முறையான வேலைப் பேப்பர் உள்ளவர்களின் கூலியிலும் கை வைத்தார். முணுமுணுத்தவர்களிடம், "அவங்க அதே வேலையை பாதிக்குச் செய்யறாங்க. உங்களுக்கு மட்டும் வலிக்குதா?" என்றார்.

அதிலிருந்து விசிட்காரர்களை மற்றவர்கள் முறைக்கத் தொடங்கினார்கள். டீ குடிக்கும்போதுகூட இரண்டு மூலையாகத்தான் உட்கார்ந்தார்கள். நம்மாளுக்கு அதுதானே வேண்டும்.

உருளை எந்திரத்தின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை உள்ளே போனால் கம்பி நகரும், எந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது என்று முதலாளி கம்பியைத் துணிக் கிழிசலால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அந்த எந்திரத்தில் நிற்க வேண்டியவர் மடிப்பம்மா. பதினோரு வருடமாக விரிப்பு மடிப்பவர். பேப்பரெல்லாம் சரியாக உள்ளவர். "கம்பியை அவுத்தாத்தான் நிப்பேன். எனக்கு இருக்கறது ரெண்டு கைதான்" என்று சொல்லிவிட்டு மடிப்பு மேசைக்குப் போய்விட்டார். மாட்டேன் என்று சொல்ல முடியாதவர் யார் என்று பலகை முன்னால் நின்று யோசித்தேன். மற்ற ஐந்து விசிட்காரர்களும் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பெயரை எழுதினேன்.

ஏழரை மணிக்கு உருளைப் பக்கமிருந்து அலறல் கேட்டது. சுருண்ட முனையைப் பிரிக்கப் போன அக்காவின் வலது கையை உருளை மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டது. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன் பாய்ந்து மெயினை அணைத்து, உருளையைக் கையால் பின்னுக்குச் சுற்றினார். வெந்த துணியின் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அக்காவை மூட்டை மேல் உட்கார வைத்துக் கையில் தண்ணீர் ஊற்றினோம். முதலாளி ஓடி வந்தார். கையில் ஒரு களிம்பு டியூப்.

"ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். இதைப் போடுங்க, ரெண்டு நாள்ல ஆறிடும்."

"தோல் கழண்டு வருதுங்க" என்றார் பாய்லர் அண்ணன்.

"அங்க போனா முதல்ல பாஸ்போர்ட் கேப்பான், அப்புறம் விசா கேப்பான். அந்தம்மா நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அக்கா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் நிமிர்ந்தாள். "கேக்கட்டுமே. என் தம்பி நீட்டிச்சு வச்சிருக்கான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார். எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"போடல. லேட்டாப் போனேன். வாங்க மாட்டேன்னுட்டாங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாச்சு?"

"அம்பத்தி மூணு."

"கணக்கா வச்சிருக்க" என்றாள். "அம்பத்தி மூணு நாளா என் கையால சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிருக்க. ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலையாடா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேள்விதான் கேட்டாள்.

அப்போது மடிப்பு மேசையை ஒட்டியிருந்த எந்திரம் நின்றது. மடிப்பம்மா அதை அணைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருந்தார்.

"யாரைக் கேட்டு பண்ணின?" என்று முதலாளி கத்தினார்.

"அவங்க கையைக் கேட்டு."

"ஒரே ஒரு போன் போட்டேன்னு வை, ஆறு பேரையும் வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்க. தெரியும்ல?"

"போடுங்க மொதலாளி" என்றார் பாய்லர் அண்ணன். "வர்றவங்க வெறுங்கையோடவா போவாங்க? கம்பியில கட்டின துணியையும் காட்டறோம். உங்க டிராயரையும் காட்டறோம்."

சலவை எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன்.

முதலாளி என் தோளில் கை போட்டார். குரலை இறக்கினார். "உன் பேப்பர் சுத்தமா இருக்கு. உனக்குக் குழந்தை இருக்கு. நீ ஏன் இதுல மாட்டிக்கற? இவங்களைப் போய் வேலையைப் பாக்கச் சொல்லு. நம்ம ஆளுங்கதானே, பேசிக்கலாம்."

அந்தக் கையை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் வீரமாக நான் எதுவும் செய்யவில்லை. "அக்கா பாஸ்போர்ட்டைக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். என் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அதனால்தான் கொடுத்தார். மற்ற ஐந்தையும் கேட்டோம். அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்டார்கள். மேசையில் இருந்த பெண் தேதியைப் பார்த்தாள், ஏதோ எழுதினாள், பிறகு அக்காவை உள்ளே அனுப்பினாள். இரண்டு விரல்கள் இனி மடங்குவது சந்தேகம் என்றார் மருத்துவர்.

மதியத்துக்குள் எல்லோரும் அங்கேயே வந்துவிட்டார்கள். காத்திருக்கும் இடத்தில் நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். இரண்டு மூலை இல்லை. மடிப்பம்மா அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் மாட்டேன்னு சொன்னேன்" என்றார். "எனக்கு அப்புறம் அங்க யாரைக் கொண்டுபோய் நிப்பாட்டுவாங்கன்னு நான் கேக்கல. கூலி குறைஞ்ச கோவம், உங்க மேல இருந்துச்சு."

"நானும்தான் கேக்கல, பாதிக் கூலின்னா மீதி எங்க போகுதுன்னு" என்றாள் அக்கா.

விசிட்காரர்களில் மூத்தவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். மகனைப் பார்க்க வந்து, மருமகளோடு ஒத்துப்போகாமல், ஊருக்குத் திரும்பவும் கூச்சப்பட்டுத் தங்கிவிட்டவர். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம் என்று பாய்லர் அண்ணன் சொன்னதும், முதலில் பயந்தவர் அவர்தான்.

"நாமளே போய் நின்னா பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகலாம்" என்றார் பாய்லர் அண்ணன். "தொழிலாளர் சங்கத்துல விசாரிச்சேன். பிடிபடறதுக்கு முன்னாடி தானாப் போய்ச் சொன்னா, கொஞ்சம் இரக்கமாப் பாப்பாங்களாம். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா உங்க ஆறு பேரை மட்டும் அனுப்ப மாட்டோம்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தினமும் போலீஸ் வண்டி சத்தம் கேட்டா கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்கறேன். இந்த வயசுல அது நல்லாவா இருக்கு? சரி, வர்றேன்."

மறுநாள் காலை கொதிகலனை யாரும் மூட்டவில்லை. அலுவலகம் திறக்கும் முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். முதலாளியும் ஒரு வக்கீலோடு வந்து எதிர்ப்புறம் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னோடு வரவில்லை. மடிப்பம்மாவோடு வந்தாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. என் மனைவியும்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பக்கத்திலேயே நின்றாள்.

கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் நிரப்பினேன். நடந்ததை எழுதும் இடம் வந்தபோது, அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"என் தேதி எப்படி முடிஞ்சதுன்னும் எழுது. நான் ஏமாத்தித் தங்கினேன்னு நினைச்சுடப் போறாங்க."

எழுதினேன். நீட்டிக்க வேண்டிய நான் நீட்டிக்கவில்லை. நீட்டித்ததாகப் பொய் சொன்னேன். வேலைக்கு அழைத்து வந்தவன் நான். தடுப்பில்லாத எந்திரத்தில் அக்காவை நிறுத்தியவனும் நான். எழுத எழுத என் கையெழுத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"சரி. இப்ப கம்பியை எழுது. பாஸ்போர்ட்டை எழுது. பாதிக் கூலியை எழுது. எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்கிட்டு அந்தாளை விட்டுடாத."

படிவத்தை வாங்கிய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இதுல புகார் குடுக்கறவர் யாரு?"

"நாங்கதான்" என்றார் மடிப்பம்மா.

"கையெழுத்துக்கு ஒரு வரிதான் இருக்கு. ஒருத்தர் போட்டாப் போதும். விசா முடிஞ்சவங்க போட்டா விவகாரம் இங்கயே நிக்காது, சொல்லிட்டேன்."

அக்கா இடது கையில் பேனாவை வாங்கினாள். எழுதப் பழகும் குழந்தை போல, கோணலாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். வாத்தியார் அதற்குக் கீழே, ஓரத்தில், குறுக்கி எழுதினார். பாய்லர் அண்ணன் தாளைத் திருப்பினார்.

"பின்னாடி காலியாத்தான் சார் இருக்கு" என்றார்.

அதிகாரி தாளை அங்கேயே விட்டார். பேனா கை மாறிக்கொண்டே போனது. என் முறை வந்தபோது அக்கா சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.