இரண்டு வார்த்தை பேச வந்தவர்

பெருந்தொற்றுக்கு முன்பா பின்பா என்பது சரியாக நினைவில்லை. மற்றவற்றிலும் கொஞ்சம் பிசகியிருக்கலாம். ஆனால் ஷாமினியின் குரல் ரப்பர் தோட்டத்துப் பாலத்தைத் தாண்டாது என்பதில் சந்தேகமில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்து அதட்டுவாள். ரந்தாவ் டவுனுக்குப் போகும் பஸ் பாலத்தைக் கடந்ததும் உதடு மட்டும் அசையும். தொலைபேசியும் அந்தக் குரலைக் கொண்டுபோகாது. எழுதிக் காட்டியே பட்டம் வாங்கினாள், ஆறு வருடத்தில் முனைவர் ஆய்வையும் முடித்தாள். மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு. ஆண்டு இறுதிக்குள் பேசித் தேறாவிட்டால் ஆய்வு செல்லாது என்றது பல்கலைக்கழகம். பேச முடியாதவர் என்று மருத்துவச் சான்று தந்தால் எழுத்திலேயே வைக்கலாம் என்றார்கள். "வீட்டுல இவ வாய மூட முடியல, எந்த டாக்டர்லா எழுதிக் குடுப்பான்?" என்றார் லாரி ஓட்டும் அவள் அப்பா மணியம். ஆகவே தேர்வு தோட்டத்து மண்டபத்துக்கு வந்தது.

அவள் ஆராய்ந்தது தோட்டத்துக் கூட்டங்களை. 'இரண்டு வார்த்தை' பேச அழைக்கப்படுகிறவர்தான் எல்லாரையும்விட நீளமாகப் பேசுகிறார் என்பது அவள் கண்ட முடிவு. தேர்வாளர்கள் இருவர். பேராசிரியர் ஆம்புரோஸ் அதை நம்பவில்லை. டாக்டர் பெவர்லி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி போட்டு மைக் வைத்தால் தோட்டத்தில் அது விழா. கோயில் தலைவர் தேவன் இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, மீகூன் சேமியா பரிமாறிய பிறகே கேள்விகள் தொடங்கின.

"ஆதாரம் எங்கம்மா?" என்றார் ஆம்புரோஸ்.

"எல்லாக் கூட்டத்துலயும் இருந்தேன் சார். எங்கப்பாவும் இருந்தாரு, தூங்கிக்கிட்டு."

கூட்டம் கைதட்டியது. மணியம் எழுந்து கும்பிட்டார்.

"படிச்சவங்க அப்படிப் பேச மாட்டாங்க. இத ஏத்துக்க முடியாது" என்று ஆம்புரோஸ் ஆய்வேட்டை மூடினார். ஷாமினியின் ஆறு வருடம் அந்த மேசைமேல் மூடிக் கிடந்தது.

எப்படி முடிந்தாலும் முறை என்று ஒன்று உண்டல்லவா? தேவன் மைக்கைப் பிடித்தார். "சிறப்பு விருந்தினர் ரெண்டு வார்த்தை பேசணும்னு கேட்டுக்கிறோம்."

ஏன் ஏற்க முடியாது என்று விளக்க ஆம்புரோஸ் எழுந்தார். ஆய்வுமுறையில் தொடங்கி, கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த தம் தந்தைக்குப் போய், மறுபடி ஆய்வுமுறைக்கே வந்தார். மீகூன் தீர்ந்தது. மழை வந்து ஓய்ந்தது. பிள்ளைகள் பாயில் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள். வெள்ளிக்கிழமை அவர் "சுருக்கமாகச் சொன்னால்" என்றபோது, பெவர்லி முதன்முறையாக வாய் திறந்தார். "ஷாமினி, இதையும் ஆதாரத்துல சேத்துக்கம்மா." சொல்லிவிட்டுத் தேர்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஷாமினி இப்போது விரிவுரையாளர். மாணவர்கள் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வருகிறார்கள். பெவர்லி துறைத்தலைவர் ஆனார். மணியம் புது லாரி வாங்கினார். ஆம்புரோஸ் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி பெட்ரிசியா ஞாயிறுதோறும் மாற்றுச் சட்டை கொண்டுவந்து, சற்று நேரம் கேட்டுவிட்டுப் போகிறார். மண்டபத்தில் கல்யாணம் இருக்கும் நாட்களில் மணவறையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.