கேட்காமல் பிடித்த கை

ஓரகத்தி இந்தர்மதி ஈரத்துண்டால் சுருஜ்மதியின் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். துண்டில் வேறு யாரோ முகம் துடைத்த வாடை அடித்தது.

"குடு இந்து, நானே துடைச்சுக்கிறேன்."

"சும்மா இருங்க தீதி. ஆஸ்பத்திரியிலேர்ந்து பெட்டி வர்ற நேரமாச்சு."

வெளியே முற்றத்தில் நேற்று மாலையே தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது. இரும்பு உரலில் யாரோ லேசாகப் போதை தரும் பானத்துக்குக் கவா வேரை இடித்துக்கொண்டிருந்தார்கள். குடித்தவர்கள் ஒவ்வொரு மடக்குக்கும் காறிக் காறித் துப்பினார்கள். அவர்கள் துப்புகிற இடத்தில்தான் அவள் கணவர் பிஷுன் தேவ் வெங்காயத்தாள் பாத்தி போட்டிருந்தார். லௌடோகா ஆலையில் கரும்பு அரைக்கும் காலம் என்பதால் கரி பறந்துகொண்டிருந்தது. புளித்த பாகின் வாடையோடு சாமந்தி, ஊதுபத்தி, வியர்வை எல்லாம் கலந்து சின்ன அறைக்குள் மூச்சுமுட்டியது. எத்தனை பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் பெயரைச் சொல்லவே இல்லை. தோளைத் தொட்டு, ஒருமுறை விசும்பிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து பேச்சைத் தொடங்கிவிட்டார்கள்.

"பெட்டியைத் திறக்கிறப்ப இவங்களைப் பக்கத்துல உக்கார வைக்கணுமா?"

"எதுக்கு? பாக்கவா போறாங்க?"

"தொட்டுப் பாப்பாங்கல்ல. முகமெல்லாம் தையலாம். தொட விடாதீங்கன்னு ஜகத் சொல்லியிருக்காரு."

"பாவம். ரெண்டு பேருமே இப்படி இருந்தா வெளியில விடலாமா? இந்த ஊரு கண்ணு இருக்கிறவங்களையே அடிச்சுப் போடுது."

"எனக்குக் கண்ணுதான் இல்லை" என்றாள் சுருஜ்மதி. "காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

ஒருத்தி பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிஷுன் தேவும் அவளும் தலைநகர் சுவாவில் பார்வையற்றோர் பள்ளியில் சந்தித்தவர்கள். அவர் கரும்பாலையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். பிள்ளை இல்லை. அவருடைய தம்பி ஜகத்தின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைக் கட்டடம் அவர்களுடையது. வாரம் தவறாமல் டவுனுக்குப் போவார்கள். அவர் தடியை வீசிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் அவருடைய இடது தோளில் கைவைத்துப் பின்னால் நடப்பாள். பட்டாணி வறுக்கிற எண்ணெய் வாடை வந்தால் மார்க்கெட் முனை. பாட்டுக் கடையின் அதிர்வு நெஞ்சில் இடித்தால் அடுத்தது சாக்கடைப் பலகை, கால் எட்டி வைக்க வேண்டும். காலில் சில்லென்று காற்றடித்தால் வங்கிக் கதவு. வண்டிகளுக்கு அவர்கள் பயந்ததில்லை. வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வரும். சத்தமில்லாமல் வருவது மனிதர்களின் கைதான்.

எங்கிருந்தோ ஒரு கை வந்து முழங்கையைப் பற்றும். போகாத இடத்துக்கு இழுக்கும். ஒருமுறை ஒரு புண்ணியவான் இருவரையும் அலாக்காகத் தூக்காத குறையாகப் பா என்ற வேறொரு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம், "பத்திரமா எறக்கி விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். கரும்புக் காட்டு நடுவே இறங்கி, திரும்பும் பஸ்ஸுக்கு வெயிலில் நின்றார்கள். இன்னொருமுறை ஒருத்தி மார்க்கெட் நடுவில் அவர்கள் தலைமேல் கைவைத்துக் கத்திப் பிரார்த்தனை செய்தாள். கையில் மீன் செதில் இருந்தது. வீட்டுக்கு வந்து தலை குளித்தும் நாற்றம் போகவில்லை.

வீடு திரும்பியதும் இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து ஊரைத் திட்டுவார்கள். அதற்காகத்தான் டவுனுக்கே போகிறோமோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றும்.

"இன்னிக்கு ஒருத்தன் கை இருந்துச்சே சுருஜ், செத்த தவளை."

"உங்களுக்கு ஒருத்தன். எனக்கு மூணு பேரு. ஒருத்தி ரவிக்கையோட சேத்துப் பிடிச்சுட்டா."

"தூ" என்பார் அவர். பிறகு இருவரும் தேநீர் குடிப்பார்கள்.

அன்றைக்கு அவர்கள் ரோட்டைக் கடக்கவே நிற்கவில்லை. கத்திரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக நடைபாதையில் நின்றார்கள். பின்னாலிருந்து ஒருவன் வந்தான்.

"வாங்க காகா, நான் கொண்டு விடறேன்."

"எங்கயும் போகல தம்பி, பஸ்ஸுக்கு நிக்கறோம்."

"கூச்சப்படாதீங்க காகா. என்னை உங்க பிள்ளைன்னு நினைச்சுக்கங்க."

"விடுய்யா கையை" என்றார் பிஷுன் தேவ். சுருஜ்மதியின் கைக்குக் கீழே அவர் தோள் திமிறியது. பிறகு தோள் இல்லை. அவள் சட்டையை எட்டிப் பிடித்தாள். துணி விரல்களுக்குள் நழுவிப் போனது. ரோட்டுக்கு நடுவிலிருந்து ஒரு கைபேசி மணி கேட்டது. "சொல்லு, சொல்லு, கேக்குது" என்றான் அந்த ஆள், தாராளமாக, வீட்டுக் கூடத்தில் நிற்பவனைப்போல. "சுருஜ், அங்கயே நில்லு" என்று பிஷுன் தேவ் கத்தினார். அப்புறம் கரும்பு லாரியின் ஹாரன்.

ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டார். அவள் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஜகத் குறுக்கே புகுந்து, "அவங்க மனசு சரியில்லை சார்" என்றார். போலீஸ்காரரும் "ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜகத்திடமே கேட்டு எழுதிக்கொண்டார். சாலை ஓரத்தில் நின்ற பார்வையற்றவர் தவறிப்போய் ரோட்டில் இறங்கிவிட்டார் என்று பதிவானது.

இப்போது கொட்டகையில் மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது. பஜனைக் குழு பாட்டை நிறுத்தியது. பண்டிட் பேசினார்.

"நம்ம பஜனைக் குழுத் தலைவர் கிரீஷ் சந்த் ரெண்டு வார்த்தை பேசுவாரு. இந்தக் கொட்டகை, டீ, பூரி எல்லாம் அவர் உபயம். நடந்தப்போ பக்கத்துல இருந்தவரும் அவர்தான்."

"துணிக்கடைக்காரர்" என்று இந்தர்மதி காதில் சொன்னாள். அவள் குரலில் பெருமை இருந்தது. "நம்ம வீடு தேடி வந்திருக்காரு தீதி."

மைக்கில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"சகோதரர்களே, நான் அவர் கையைப் பிடிச்சு, 'காகா நில்லுங்க, காகா நில்லுங்க'ன்னு கெஞ்சினேன். என் கையை உதறிட்டு எறங்கிட்டாரு. என்ன செய்ய? கண்ணு தெரியாதவங்களுக்கு அவசரம் ஆகாது. வீட்டு மனுஷங்க அவங்களைத் தனியா விடக்கூடாது. இதை நாம எல்லாரும் பாடமா எடுத்துக்கணும்."

சுருஜ்மதி பாயில் கையூன்றி எழுந்தாள். அந்தக் குரல்தான். "கூச்சப்படாதீங்க காகா" என்ற அதே குழைவு.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்று இந்தர்மதி தோளை அழுத்தினாள். அதற்குள் அந்த ஆளே அறைக்குள் வந்துவிட்டார். பெண்கள் நகர்ந்து வழிவிடும் சலசலப்பு. குனிந்து அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டார். மெத்தென்று, ஈரமாக, அத்தர் வாடையோடு இருந்தன. அவர் வாய் அவள் காதுக்கு மிக அருகில் வந்தது. பூரியும் பூசணிக்காயும் மணத்தன.

"பஹன்ஜி" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நல்லது நினைச்சுத்தான் பிடிச்சேன். போன் வந்துச்சு, கையை விட்டுட்டேன். ஒரு நிமிஷம்தான். ராத்திரி தூக்கமே இல்லை. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"மைக்குல வேற மாதிரியில்ல சொன்னீங்க."

"அத்தனை பேருக்கு முன்னால எப்படி..."

"இப்பப் போய் இதைச் சொல்லுங்க. அதே மைக்குல. நான் இங்கிருந்தே கேட்டுக்கறேன்."

கைகள் நழுவின. "துக்கத்துல இருக்காங்க" என்று எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "யாரும் அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க."

"இவர்தான் அவரை ரோட்டுக்கு இழுத்துட்டுப் போனது" என்றாள் சுருஜ்மதி. கத்தவில்லை. ஆனால் அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கேட்டது. யாரோ கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார்கள்.

ஜகத் அண்ணியிடம் ஓடி வந்தார். "பௌஜி, என்ன பேச்சு இது. அவர் பெரிய மனுஷன். அண்ணன் போயாச்சு, இனிமே யார் என்ன சொன்னா என்ன? நாளைக்கு இந்த ஊர்ல நான் தலை காட்டணும்."

மைக்கில் மறுபடி பாட்டு தொடங்கியது. இந்தர்மதி தேநீரைக் கொண்டுவந்து வாயருகில் நீட்டினாள். சுருஜ்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டி வந்தது. கொட்டகை நடுவில் பெஞ்சுகள்மேல் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் மருந்து நெடி எழுந்தது. "பாக்க வேண்டாம் பௌஜி" என்றார் ஜகத் பழக்கதோஷத்தில். பிறகு, "தொட வேண்டாம்" என்று திருத்தினார். அவள் அவர் கையை விலக்கிவிட்டுப் பெட்டியின் விளிம்பைப் பிடித்து மேலே தடவிக்கொண்டே போனாள். நெற்றியில் மாவுபோல் பவுடர் அப்பியிருந்தது. கன்னத்தில் தையல் கரடுமுரடாக ஓடியது. அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். மூக்கைத் தாண்டி விரல் இறங்கியபோது நின்றுவிட்டது. மேலுதடு வழவழவென்று இருந்தது. கல்யாணத்திலிருந்து ஒருநாளும் அவர் மீசையில்லாமல் இருந்ததில்லை.

"மீசையை யார் எடுத்தது?"

பக்கத்தில் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"தையல் போட வசதியா இருக்கும்னு ஆஸ்பத்திரியில..." என்றார் ஜகத். "சுத்தமா இருக்கட்டும்னு நானும் சரின்னேன்."

அவள் அந்த வழவழப்பின் மேல் விரலை வைத்தபடி நின்றாள். பண்டிட் நேரமாகிறது என்றார். யாரோ அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். விரலில் ஒட்டிய பவுடரை அவள் சேலையில் துடைக்கவில்லை.

சுடுகாட்டுக்கு வரவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டம், மேடு பள்ளம், நெருப்பு. "யார் உங்களைப் பிடிச்சுக்கிறது?" என்றாள் இந்தர்மதி. சுருஜ்மதி கதவு மூலையிலிருந்த தன் தடியை எடுத்துக்கொண்டு வாடகை பஸ்ஸில் போய் ஏறினாள். சுடுகாட்டில் விறகு வெடிப்பதை, நெய் சொரிவதை, பின்னால் ஆண்கள் ரக்பி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். காற்று திரும்பியபோது புகை நேராக அவள்மேல் வந்தது. "தள்ளி வாங்க, இந்தப் பக்கம்" என்று சிலர் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. தலைமுடியில், சேலையில், தொண்டைக்குள் எல்லாம் புகை ஏறியது.

திரும்பும்போது பஸ் டவுன் வழியாக வந்தது. பட்டாணி எண்ணெயின் வாடை வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்க. நான் எறங்கணும்."

"பௌஜி, முதல்ல வீட்டுக்குப் போய்க் குளிக்கணும். இப்படியே ஊருக்குள்ள போகக்கூடாது."

"குளிக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து குளிக்கிறேன்."

ஜகத் என்னவோ சொன்னார். டிரைவர் அதற்குள் நிறுத்திவிட்டார். அவள் படியைத் தடியால் தொட்டு இறங்கினாள். ஜகத் பின்னால் இறங்கவில்லை. பஸ் கொஞ்ச நேரம் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றுவிட்டுப் போயிற்று.

மார்க்கெட் கலையும் நேரம். சாமான் மூட்டைகளோடு ஜனங்கள் பஸ்ஸுக்கு முண்டியடித்தார்கள். முன்னால் தோள் இல்லாமல் அவள் இந்த ரோட்டில் நடந்ததே இல்லை. முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தடியை வீசினாள். பின்னால் யாரோ வேகமாக வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் பல்லைக் கடித்தாள்.

"தொடாதே" என்று ஒரு பெண்குரல் அடக்கமாகச் சொன்னது. "வெள்ளைச் சேலையப் பாரு. சுடுகாட்டுப் புகை நாறுது. இன்னும் குளிக்கல போல."

செருப்புச் சத்தம் நின்றது. முன்னால் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். மூட்டைகள் இழுபட்டன, ஒரு தள்ளுவண்டி முனகிக்கொண்டு ஓரம் போனது. அவளுக்கு முன்னால் ரோடு திறந்துகொண்டே போயிற்று. பாட்டுக் கடை நெஞ்சில் இடித்தது. சாக்கடைப் பலகையில் காலை எட்டி வைத்தாள். வங்கிக் கதவின் குளிர் காலில் பட்டது. முனையில் வண்டிகள் நிற்கும்வரை காத்திருந்தாள். நின்றதும் கடந்தாள். ஒரு கைகூட அவள்மேல் படவில்லை.

ஸ்டேஷன் படிகளை ஏறி உள்ளே போனாள். ரேடியோவின் இரைச்சலைத் தாண்டி ஒரு இளம் குரல் கேட்டது.

"யார் கூட வந்தீங்கம்மா?"

"யாரும் வரல. எம் புருஷன் செத்ததைப் பத்தி எழுதினது தப்பா இருக்கு. நான் பக்கத்துல நின்னவ. இப்ப நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

போலீஸ்காரர் எழுந்து வந்தார். அருகில் வந்தவர் புகை வாடையில் தயங்கினார். பிறகு ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அது சிமெண்டுத் தரையில் கீச்சிட்டுக்கொண்டு வந்தது. எங்கே வந்து நின்றது என்று கேட்டுக்கொண்டு, சுருஜ்மதி அதில் உட்கார்ந்தாள்.