காத்தமுத்து கேஸ்

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று ஸ்டோர் ரூமைக் காலி பண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வருஷம் 1998. பழைய கட்டில்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே மஞ்சள் தண்ணீரில் மனிதத் தலை.

லேபிளில் இங்கிலீஷ். மருந்து கொடுக்கும் ஜனார்த்தனன் ஐயா வாசித்தார்: "காத்தமுத்து கேஸ். 1936."

எஹலியகொடைப் பக்கம் அந்தப் பெயரைத் தெரியாதவர் கிடையாது. விடியலில் பால்வெட்டப் போனவர்களை ரப்பர் மரங்களுக்கு நடுவே வைத்துக் கொன்றவன். ஐந்து பேர். தூக்கில் போட்ட பிறகு அவன் தலையை வெள்ளைக்கார டொக்டர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று லயத்து வீடுகளில் ஒரு கதை உண்டு. கதை உண்மை என்றாகிவிட்டது.

மறுநாளே கூட்டம். குச்சியால் காட்டிக் காட்டி நான்தான் விளக்கம் சொன்னேன். "மூக்க பாருங்க, ஓட்ட. மூக்குத்தி போட்ட ரவுடி!"

"அறுவது வருசமா சும்மா குந்தியிருக்கான். சம்பள செக்ரோல்ல பேரு போட்டு ஓய்வூதியம் குடுங்கய்யா" என்றாள் கருப்பாயி. எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் இருளாயி வந்தார். வயது அறுபத்தெட்டு. காத்தமுத்து கடைசியாகக் கொன்றது அவருடைய அப்பாவை. காட்டில் முண்டம் மட்டும்தான் கிடைத்தது. வாய் நிறைய வெற்றிலை எச்சில். துப்பத்தான் வந்திருந்தார், எல்லாரும் விலகி வழிவிட்டோம்.

ஜாடிக்குக் கிட்டப் போனார். துப்பவில்லை. குனிந்து பார்த்தார். எச்சிலை விழுங்கிவிட்டார்.

"இது எங்கப்பன்."

மூக்கு ஓட்டைக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்தார்.

"அப்பனுக்கு முன்ன பொறந்த மூணு புள்ளயும் செத்துப்போச்சி. இதாவது தங்கட்டும்னு பொறந்தவுடனே மூக்கு குத்தி, மூக்கன்னு பேரு வச்சாங்க. அந்த வளையத்த புடிச்சி இழுத்து நான் அடி வாங்கியிருக்கேன்."

ஜனார்த்தனன் ஐயா லேபிளை மறுபடியும் வாசித்தார். "கேஸுன்னா வழக்கு. காத்தமுத்து வழக்குல பொலிஸ் கண்டெடுத்த தலை. அவன் தலைன்னு இதுல எங்கயும் இல்ல."

முதல் நாள் அதே லேபிளை வாசித்தவர் அவர்தான். குச்சியால் காட்டிச் சிரித்தவன் நான்.

"நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார் இருளாயி.

"தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்தார் ஜனார்த்தனன் ஐயா.

"எங்கப்பன் தலைய எடுக்க தொரைகிட்ட லீவு கேக்கணுமாய்யா? டேய், பால் வாளிய கொண்டா."

ஜாடியை வாளிக்குள் இறக்கிச் சுமந்தேன். கனம் தோளை இழுத்தது. லயத்தைத் தாண்டும்போது யாரோ கத்தினார்கள்: "மூக்குத்தி ரவுடிய எங்கடா கொண்டு போற?" நான் திரும்பவில்லை.

கோயிலுக்குப் பின்னால், அவர் காட்டிய கல்லுக்குப் பக்கத்தில் தோண்டினேன். மூன்றடியில் மண்வெட்டி எதிலோ பட்டது. கையால் மண்ணைத் தள்ளினேன். கறுத்த சிரட்டை, மூன்று கண்ணும் மேலே பார்த்தபடி.

கையை எடுத்துவிட்டேன்.

"பயப்படாத. தலை இல்லாம பொதைக்கக் கூடாதுன்னு எங்காத்தா வச்ச தேங்கா" என்றார் இருளாயி. "அத எடுத்துட்டு இத வையி."