ஒன்றரைச் சுழி

என் மகள் ஓர் எழுத்தைக் கற்றுக்கொண்டால் பள்ளிக்கூடம் ஒரு வீடு நெருங்கி வரும். எங்கள் ஊரில் அப்படித்தான். வேறு ஊர்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போகிறார்களாம். நான்கு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்கவிடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பள்ளிக்கூடம் வாசலில் வந்து நிற்கும்போது பிள்ளை அதன் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். படித்தால் கதவு திறக்கும். படிக்காவிட்டால் அது அடுத்த தெருவுக்குப் போய்விடும். திரும்பி வராது.

உள்ளே போகும் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாயங்காலம் ஆவதற்குத்தான் பல வருஷங்கள் பிடிக்கும். என் மனைவி கோமதியின் அக்காள் மகன் பால்பல்லோடு போனான். சாயங்காலம் மீசையோடு வந்து, காபி இருக்கிறதா என்று கேட்டான். காபி இருந்தது.

என் மகள் ஆவுடைக்கு இன்னும் ஒரு பல்கூட விழவில்லை. எனக்கு அவளை அனுப்ப மனமில்லை. இதைக் கோமதியிடம் சொன்னதில்லை. எழுத்து சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதனால் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அலுவலகம் முடிந்து வந்து, தட்டில் பச்சரிசியைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து எழுதவைப்பேன். எழுதி முடித்ததும் தெருவில் ஓர் உரசல் சத்தம் கேட்கும். யாராவது தன் சைக்கிளை ஓரமாக எடுத்து வைப்பார்.

கடைசியில் மூன்று சுழி ண மட்டும் மிச்சம் இருந்தது. ஒன்றரைச் சுழியில் என் கை நின்றுவிட்டது. களைப்பாக இருந்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் சொல்லக்கூட இல்லை.

"ஒரு எழுத்துக்கு நடுவுல அசந்து போற ஆள இப்பத்தான் பாக்கேன்" என்றாள் கோமதி.

ஒரு நாள் விடிந்ததும் பக்கத்து வீட்டு மீரான் பாய் வந்தார். அவர் எதையும் சத்தமாகக் கேட்பவர் அல்ல.

"ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி. பாதிப் பள்ளிக்கூடம் எங்க அடுப்பங்கரையில நிக்கு."

போய்ப் பார்த்தேன். நின்றது. மிக்சியைத் தாண்டி ஒரு தாழ்வாரம் போனது. பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒரு வாத்தியார் உப்பு ஜாடியின் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. பாயின் மனைவி அடுப்பின் முன்னால் நின்றிருந்தார். சட்டியில் கறி தீய்ந்துகொண்டிருந்தது. அவர் கிண்டவில்லை. தாழ்வாரத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார்.

இடைஞ்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். இடைஞ்சலெல்லாம் இல்லை என்று பாய் நாற்காலி எடுத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்தோம். உள்ளே பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாவது தொடங்கியது.

"எங்க ரஹ்மத்து காலையில போனா" என்றார்.

"எந்தக் காலையில பாய்?"

"நீங்க இங்க குடிவர்றதுக்கு முந்தி. எங்களுக்கு இன்னும் சாயங்காலம் ஆகல."

உள்ளே எட்டிப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். வகுப்பு நடக்கும்போது பெற்றவர்கள் பார்க்கக் கூடாது என்றார். அது முறையில்லை.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். எல்லாப் பிள்ளையும் சேந்து சொல்லுதுல்லா, அதுல அவ கொரலு எதுன்னு பிரிக்க முடியல. அவ உம்மா ஒறங்கவே மாட்டேங்கா." என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு முழுசாச் சொல்லிக்குடுங்க. இல்ல அழிச்சிருங்க. பாதியில நிறுத்தாதீங்க அண்ணாச்சி."

அழித்தால் பள்ளிக்கூடம் பின்னால் போய்விடுமா என்று கேட்டேன். இதுவரை யாரும் அழித்துப் பார்த்ததில்லை என்றார்.

யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன். யோசிப்பதும் களைப்பாக இருந்தது. ஆவுடை அரிசித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் ஒன்றரைச் சுழியில் அப்படியே இருந்தது. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறாள் என்று கோமதியைக் கேட்டேன். நீங்கள் நிறுத்தியதிலிருந்து என்றாள்.

விரலைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. மீதியைப் போட்டோம்.

உரசல் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் பாயின் வீட்டை விட்டு வெளியே வந்து எங்கள் வாசலில் நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ சட்டியைச் சுரண்டினார்கள்.

கோமதி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். வளர்கிற பிள்ளை என்று சீருடையைப் பெரிதாக எடுத்திருந்தாள். கல்யாண வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும். ஆவுடை அதற்குள் எங்கோ இருந்தாள்.

பெயர்ப்பலகையைப் படித்தாள். ண வரும் இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் படித்தாள். கதவு திறந்தது.

ஷூ வாரை மாட்டிவிட அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். என் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"யப்பா, ஒங்க நெத்தியில என்னமோ எழுதியிருக்கு."

அங்கே ஒன்றுமில்லை என்றேன். படிக்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்றாள் கோமதி.

ஆவுடை ஆள்காட்டி விரலை என் நெற்றியில் வைத்தாள். நான் பழக்கியபடியே ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள்.

"போ" என்றாள். "கா." கடைசி எழுத்தில் விரலை அழுத்தினாள். "தே."

பிறகு எப்போதும் கேட்பது போலக் கேட்டாள்.

"சரியாப்பா?"

"சரி" என்றேன். "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாவாடையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடம் அடுத்த தெருப் பக்கம் நகர்ந்தது.

வெயில் இன்னும் ஏறவில்லை.