கேலரி ஆடிய தாளம்

விவேக் நகர் மைதானத்தில் அன்றைக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். இரும்புக் குழாய்களைப் பூட்டி, மேலே பலகை போட்டு எழுப்பிய தற்காலிக கேலரியில் கால் வைக்க இடமில்லை. யூனிஸின் அப்பா சின்னப்பா, முட்டி வலியையும் பார்க்காமல் உச்சி வரிசைக்கு ஏறி உட்கார்ந்திருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு உள்ளூர் அணி கோல் போட்டது. கீழே நின்ற ஏரியாப் பையன் உமேஷ் டிரம்மை அடிக்க, கூட்டம் எழுந்து அதே தாளத்தில் பலகையை மிதித்தது. அப்பாவுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பிய யூனிஸ், கேலரியின் பக்கவாட்டில் அப்படியே நின்றுவிட்டாள். கேலரி மொத்தமும் இடமும் வலமுமாக அசைந்தது. பார்க்கப் பார்க்க அசைவு அகலமானது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பதுதான் அவள் வேலை. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளினால் போதும், உயர உயரப் போகும். ஊஞ்சலைப்போல எந்தக் கட்டுமானத்துக்கும் தான் ஆடுவதற்கென்று ஒரு வேகம் உண்டு. உமேஷின் தாளம் கேலரியின் அந்த வேகத்தோடு பொருந்திவிட்டது. ஒவ்வொரு மிதியும் முந்தையதன்மேல் சேர்ந்துகொண்டே போனது. ஆய்வகத்தில் என்றால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடுவாள். இங்கே மேலே நூற்றுக்கணக்கான பேர்.

கத்தினால் எல்லோரும் ஒரே பக்கம் பாய்வார்கள். அவள் உமேஷிடம் ஓடினாள்.

“தாளத்த மாத்துப்பா. கேலரி ஆடுது.”

ஜனம் இப்போதுதான் சூடாகியிருக்கிறது என்று அவன் கையை நிறுத்தாமலே சொன்னான். அடிக்காதே என்று சொல்லவும் அவளுக்குப் பயம். டிரம் நின்றாலும் கால்கள் அதே கணக்கில் தொடரக்கூடும்.

“நிறுத்தாத. தப்புத் தப்பா அடி. யாரும் கால் சேத்து மிதிக்கக் கூடாது. மேல எங்கப்பா இருக்காரு.”

உமேஷ் அண்ணாந்து பார்த்தான். உச்சி வரிசை இடமும் வலமுமாகப் போய் வந்தது. அடுத்த அடி முந்தி விழுந்தது, அதற்கடுத்தது பிந்தியது, பிறகு தாறுமாறாக. கூட்டம் ஊளையிட்டது. கால்கள் தடுமாறிக் கலைந்தன. ஆனாலும் கேலரி இன்னொரு தரம் பெரிதாகச் சாய்ந்தது. கீழே ஏதோ இரும்பு கிறீச்சிட்டது. அடுத்த அசைவு சிறுத்தது. அதற்கடுத்தது இன்னும் சிறுத்தது.

விஷயத்தைக் கேட்ட அமைப்பாளர்கள் பதற்றம் காட்டாமல் மைக்கில் சொல்லி, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அடியில் ஒரு தாங்கு குழாய் அதைத் தாங்கிய மரக்கட்டையைவிட்டு நழுவியிருந்தது.

“என்னாலயாக்கா?” என்றான் உமேஷ்.

“உன்னால மட்டும் இல்ல. எல்லாரும் ஒண்ணா மிதிச்சதால.”

கடைசியாக இறங்கிய சின்னப்பா, டிரம்காரன் நல்ல நேரத்தில் சொதப்பிவிட்டான் என்று குறைபட்டுக்கொண்டார். அவர் கையைப் பிடித்த யூனிஸ் வாசல்வரை விடவேயில்லை.