பிள்ளைக்கு எடுத்த சட்டை

பட்டிருப்புப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு டிலக்சன் ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தான். வாவி வற்றிச் சேறு தெரிந்தது. கரையில் யாரோ மீன் காயப்போட்டிருந்தார்கள். ஆனாலும் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. காற்று மறுபக்கம் வீசுகிறதாக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு புறப்பட்டான்.

மகள் பிறந்து இருபத்தெட்டு நாள். ஆஸ்பத்திரியில் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. அதற்குள் பழுகாமத்து வயல்களில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்துவிட்டது. கூலிக்கு மருந்து விசிறும் அவனை வயல் முதலாளிகளான போடிமார் மாறி மாறி அழைக்க, வயல் வாடிக் குடிலிலேயே தங்கிவிட்டான்.

இரண்டு கிழமைக்கு முன் மனைவி விதுர்ஷா போனில் சொன்னாள்: “புள்ளைர தலையில ஒரு மணம் இரிக்குங்க. என்ன மணமெண்டு சொல்லத் தெரியல்ல. முப்பத்தோராம் நாள் முடி வழிச்சாப் போயிரும். அதுக்கு முதல் வாங்க.”

அன்றிலிருந்து, மருந்து மெசினை முதுகில் சுமந்து வரம்பில் நடக்கும்போதெல்லாம் அந்த மணம் எப்படியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

மருந்தடித்த உடம்போடு பிள்ளையைத் தொடக்கூடாது என்று மிட்வைப் மிஸ்ஸி சொல்லியிருந்தார். அதனால் காலையில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் முழுகினான். நகம் வெட்டினான். தோய்த்த சேர்ட்டை மணந்து பார்த்து, ஒன்றும் மணக்கவில்லை என்று திருப்தியோடுதான் உடுத்தினான்.

களுதாவளையில் மனைவி வீட்டில் மாமி புஸ்பம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “வந்திட்டாரு மருமகன். புள்ளைக்கு மாப்பிள்ள பார்க்கக்குள்ளதான் வருவீங்களாக்கும் எண்டு நினைச்சன்.”

அவன் சிரித்தபடி பையிலிருந்து சின்னச் சட்டையை எடுத்தான். வெள்ளையில் மஞ்சள் பூ. பிள்ளையை மடியில் வைத்திருந்த விதுர்ஷா ஆசையோடு வாங்கி, புதுத்துணியை எல்லோரும் செய்வதுபோல முகத்தருகே கொண்டுபோனாள். உடனே கையைத் தூர நீட்டினாள்.

“இத எங்க வச்சிருந்த நீங்க?”

“பையிலதான். வாடியில எலிக் கரச்சல், அதுதான் பையில போட்டு கூரை வளையில தூக்கியிருந்தன்.”

“மருந்து மணக்கிது. உங்களுக்கு மணக்கல்லியா?”

சட்டையை வாங்கி மூக்கில் வைத்தான். மருந்தும் மணக்கவில்லை. புதுத்துணியும் மணக்கவில்லை. விசிறும்போது முகத்தில் கட்டும் துவாயைத் தினமும் அந்தப் பைக்குள்தான் திணித்தான். எலியை நினைத்தவனுக்கு அது நினைவில் வரவில்லை.

“எத்தின நாளா இப்பிடி?”

“தெரியா புள்ள. சோறு கருகினதையும் கூட நிண்ட சதீசன் சொல்லித்தான் அறிஞ்சன். மூக்கடைச்ச தடிமன் எண்டு இருந்திட்டன்.”

புஸ்பத்துக்குப் பகிடிப் பேச்சு வரவில்லை. சட்டையையும் பையையும் தடியால் தூக்கி வேலியோரம் கொண்டுபோய் வைத்தாள். விதுர்ஷா பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள்.

அவன் முழுகினான். அவள் கழுத்தருகே குனிந்து மணந்தாள். “இன்னும் இரிக்கு. காதுக்குப் பின்னால.”

மறுபடி முழுகினான்.

“தலைமயிருக்குள்ளயும் இரிக்கு.”

மூன்றாம் தரம் அவள் சற்று அதிக நேரம் அப்படியே நின்றாள். இவ்வளவு கிட்ட நின்று எத்தனை நாளாகிவிட்டது. “இப்ப சவர்க்காரம்தான்” என்று சொல்லிவிட்டு இடுப்பில் உடுக்க வீட்டிலிருந்த சாரத்தைக் கொடுத்தாள்.

பிள்ளை அவன் கைக்கு வந்தது. உச்சியில் மூக்கை வைத்தான். இளஞ்சூடு தெரிந்தது. மயிர் பஞ்சுபோல மூக்கில் கூசியது. அவ்வளவுதான்.

“எப்பிடி மணக்கிது, சொல்லு.”

அவளும் குனிந்தாள். இருவர் தலையும் முட்டிக்கொண்டன. “நெல்லு அவிக்கக்குள்ள மூடியத் திறந்தா முதல் ஆவி வருமே, அதப்போல. அதுக்குள்ள கொஞ்சம் பாலும்.”

அவன் கண்ணை மூடி அந்த ஆவியை நினைத்துப் பார்த்தான். வருவதுபோலிருந்து நழுவிப்போனது.

போன் அடித்தது. நாளைக்கு விசிற வரச்சொல்லிப் போடியார்.

“இல்லப் போடியார், நான் வரல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும், மூக்கக் காட்ட. பொறகும் வருவன் எண்டு சொல்லேலாது.”

போனை வைத்தவனிடம் விதுர்ஷா மெல்லச் சொன்னாள்: “முடி வழிக்க இன்னும் மூண்டு நாள் இரிக்கு. இன்னொருக்கா மணந்து பாருங்க.”

அவன் மறுபடியும் குனிந்தான்.