உப்பு தீர்ந்த செய்தி

அக்-பெல் கணவாயில், பாதையில் ஐஸ் உருக உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறவர்கள் வயர்லெஸ்ஸில் எதை வேண்டுமானாலும் பேசலாம். டிப்போ தலைவரைத் திட்டலாம், முதுகுவலியைப் புலம்பலாம், பாட்டுக்கூடப் பாடலாம். ‘உப்பு தீர்ந்துபோச்சு’ என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்தச் சீமையில் ஒருவனுடைய உப்பு தீர்ந்தது என்றால், பூமியில் அவனுக்கு அளந்து வைத்தது முடிந்தது, ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். அதனால் லாரியில் சரக்கு காலியானால் ‘பெட்டி இறங்கிருச்சு’ என்பார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவனுக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஷெராலிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அன்றைக்கு அவன் மனசு அவனிடம் இல்லை.

அவன் மனைவி அனிபா மலைக்கு அந்தப் பக்கம், தாஷ்-புலாக்கில், அண்ணன் வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். அப்பா இறந்து வருஷம் திரும்பிய விருந்துக்குப் போனவள். வேண்டாம் என்று ஷெராலி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “எங்கப்பனுக்குக் குதிரை அறுக்கிற அன்னைக்கு நான் இல்லாம எப்படி?” என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்துவிட்டுக் கிளம்பினாள். போன மறுநாளே பனிப்புயல் வந்து பாதை மூடிக்கொண்டது. அன்று காலையில் வலி கண்டுவிட்டதாக வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. அந்த ஊர் நர்ஸ் பெகாயிம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இருந்தது. நடுவில் மலை. மலை முழுக்கக் கண்ணாடியாய் உறைந்த பாதை.

“ரெண்டாவது லாரிய ரிப்பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. வரட்டும், சேர்ந்து போங்க. ஒத்த லாரி மலை ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்கு தம்பி,” என்றார் டிப்போ தலைவர்.

“சட்டம் வந்து பிரசவம் பார்க்குமா அண்ணே?”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் வயர்லெஸ் பார்க்கும் ஜூராகான் உள்ளேயிருந்து கத்தினாள். “போடா போ, வாய் பார்த்துக்கிட்டு நிக்காதே! தாஷ்-புலாக்குக்கு நான் சொல்லிடறேன். நீ உப்புப் போட்டுக்கிட்டு கீழ போய்ச் சேர்ற வரைக்கும் ஆம்புலன்ஸ் அந்த ஊரைவிட்டு அசையாது.”

ஷெராலி கிளம்பினான். மணலும் உப்பும் கலந்து பெட்டி நிறைய இருந்தது. பின்னால் சுழலும் தட்டு அதை இரண்டு பக்கமும் வீசிக்கொண்டே வரும். தட்டுக்கும் கீழே, வண்டியின் அகலத்துக்கு ஒரு துளைக்குழாய். அது பனி உருக்கும் திரவத்தைப் பீய்ச்சும். டிப்போவில் அதற்கு மருந்து என்று பெயர். முதல் வளைவிலேயே உப்பு விழுவது நின்றுபோனது. இறங்கிப் பார்த்தால், பெட்டியின் அடிக்கதவில் உப்பு கட்டிபிடித்து அடைத்துக்கொண்டிருக்கிறது. பொறுமையாகத் தட்டி உதிர்க்க வேண்டிய கட்டி. அவனுக்கு ஏது பொறுமை? கடப்பாறையை எடுத்து, டிப்போ தலைவர், அவருடைய சட்டம், குதிரை விருந்து எல்லாவற்றையும் மனசில் நினைத்துக்கொண்டு ஓங்கி ஒரு போடு போட்டான். கட்டி உடைந்தது. கதவும் வளைந்தது.

வளைந்த கதவு பாதியில் நில்லாமல் முழுசாகத் திறந்துகொண்டதை அவன் கவனிக்கவில்லை. மேலே ஏற ஏற, கல்யாண வீட்டில் மிட்டாய் இறைப்பது போல உப்பு பாதையெல்லாம் இறைந்தது. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான். நன்றாகத்தான் விழுகிறது என்று வேறு நினைத்துக்கொண்டான், பாவி மனுஷன். இந்நேரம் வலி எப்படி இருக்கும், பெகாயிம் பக்கத்தில் இருக்கிறாளா, எங்காவது டீ குடிக்கப் போய்விட்டாளா என்றே புத்தி ஓடியது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான், பாதியில் எறிந்தான், அடுத்த வளைவில் இன்னொன்றைப் பற்றவைத்தான்.

உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் தட்டின் சத்தம் மாறியது. சோறில்லாத சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். வண்டியை நிறுத்தி, ஏணியில் ஏறிப் பெட்டிக்குள் பார்த்தான். வெறும் இரும்பு. கீழே இன்னும் பாதி மலை கிடந்தது.

ஓடிவந்து வயர்லெஸ்ஸைப் பிடுங்கினான். “அக்கா! ஷெராலி... ஷெராலியோட உப்பு தீர்ந்துபோச்சு! கேக்குதா? உப்பு தீர்ந்துபோச்சு!”

கரகரவென்று இரைந்தது. பதில் சொன்னது ஜூராகான் அல்ல. அந்தப் பக்கத்துத் தடுப்புக் கம்பத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் ஜுமாஷ். அவன் கடையிலும் ஒரு வயர்லெஸ் உண்டு.

“என்னது? யாருக்கு? நம்ம ஷெராலிக்கா?” என்று ஜுமாஷின் குரல் கீச்சிட்டது. “ஐயோ ஆண்டவனே! நேத்துப் பொறந்த பையனாச்சே!”

“அண்ணே, நான்தான்! ஜுமாஷ் அண்ணே, நான்தான் பேசறேன்!”

வயர்லெஸ் செத்துப்போயிருந்தது. அந்த இடத்தில் பாறை மறைக்கும். ஒரு வார்த்தை போகும், ஒரு வார்த்தை போகாது. எந்த வார்த்தை போகக் கூடாதோ அதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது!

ஜுமாஷ் வாயில் விழுந்த சேதி, கோப்பையில் டீ ஆறுவதற்குள் தாஷ்-புலாக்கைச் சுற்றி வந்துவிடும். முதலில் துர்துகுல் வீட்டுக்குத்தான் போகும். துர்துகுல் அனிபாவின் அண்ணன், பெரிய தொண்டைக்காரன். முற்றத்தில் நின்று அவன் ஒரு அலறல் அலறினால் உள்ளே வலியோடு கிடக்கிறவளுக்குக் கேட்காமல் போகுமா? குறுக்கே கிடக்கும் பிள்ளையோடு, புருஷன் செத்தான் என்ற சேதியையும் அவள் தாங்குவாளா?

“தடிப்பயலே, தடிப்பயலே,” என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். “பெட்டி இறங்கிருச்சுன்னு சொல்ல உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?”

சேதிக்கு முன்னால் போய்ச்சேர முடியாது. சேதிக்குப் பின்னாலாவது சீக்கிரம் போக வேண்டும். பெட்டியில் உப்பு இருந்தவரைக்கும் அதன் கனத்தில் சக்கரம் ஐஸைக் கடித்தது, இப்போது வெறும் லாரியை அந்த இறக்கத்தில் விட்டால் நேரே பள்ளம்தான். தொட்டியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. ஆனால் மருந்து பீய்ச்சும் குழாய் வண்டியின் பின்பக்கம். சக்கரம் போன பிறகு மருந்து விழுந்து என்ன பிரயோசனம்? உச்சிக்குக் கீழே வண்டிகள் ஒதுங்குகிற ஒரு சின்ன இடம் இருந்தது. அங்கே முன்னும் பின்னுமாக உருட்டி, லாரியின் மூஞ்சியை உச்சிப்பக்கம் திருப்பினான். பிறகு ரிவர்ஸ் போட்டான். பின்பக்கமாக இறங்கினால் மருந்து முதலில் விழும், சக்கரம் அதன்மேல் ஏறும். இந்த வித்தை டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் செய்கிற அளவுக்கு யாருக்கும் பைத்தியம் பிடித்ததில்லை.

கதவைத் திறந்துபோட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டி, கழுத்து ஒடிய ஒடியப் பின்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினான். மருந்து விழுந்து ஐஸ் இளக நேரம் பிடிக்கும். கொஞ்சம் நகர்வான், நிற்பான். நிற்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கை விரலால் தாளம் தட்டுவான், ஒன்று விடாமல் எல்லாச் சாமியையும் கூப்பிடுவான். மறுபடி கொஞ்சம் நகர்வான். காற்றில் கன்னம் மரத்துப்போனது.

ஊருக்கு மேலே கடைசியாக வரும் திருப்பத்துக்கு மருமகன் வளைவு என்று பெயர். எப்போதோ ஒரு மருமகன் மாமனார் வீட்டுக்குச் சீர் கொண்டுபோகையில் சீரும் ஆடுமாக உருண்ட இடம். அதை நெருங்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆம்பிளைகள் அழுகிற சத்தம். துக்க வீட்டை நெருங்கும்போது தூரத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருவார்களே, அந்தச் சத்தம்.

“என் ஈரக்குலையே! என் தம்பியே! எங்கடா போனே!”

துர்துகுல்தான்.

வளைவு திரும்பியதும் ஷெராலி பார்த்தான். ஊரைவிட்டு அசையாது என்று சொன்ன ஆம்புலன்ஸ், வளைவின் நடுவில் குறுக்காக நின்றது. சக்கரங்கள் வெறுமனே சுற்றின. சுற்றச் சுற்ற, பின்பக்கம் பள்ளத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. அதற்குக் கீழே துர்துகுல்லின் ஜீப். ஜீப்பின் கூரைமேல் சுருட்டிக் கட்டிய வெள்ளைக் கம்பளி விரிப்பு. பிணத்தைச் சுற்றி எடுத்துவரத்தான் அதைக் கொண்டுபோவார்கள்.

லாரி பின்பக்கமாக வருவதைப் பார்த்ததும், உடலைத்தான் யாரோ கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். ஷெராலி லாரியிலிருந்து குதித்தான். அழுகை அப்படியே அறுந்தது.

“ம... மச்சான்?” என்றான் துர்துகுல்.

“அழுகையை அப்புறம் வச்சுக்க! அந்தக் கம்பளியை எடு!”

“இது உனக்குன்னு...”

“எனக்குத்தானே? நான் சொல்றேன், சக்கரத்துக்குக் கீழ போடு!”

விரித்தார்கள். நாலைந்து பேர் ஆம்புலன்ஸின் பின்னால் தோளைக் கொடுத்தார்கள். ஷெராலி தொட்டியின் அடித்திருகைக் கழற்றிவிட்டான். மிச்ச மருந்தெல்லாம் சரிவில் ஓடிவந்து வண்டிக்கு அடியில் பரவியது. ஐஸ் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. கம்பளியைச் சக்கரம் கடித்தது, விட்டது, மறுபடி கடித்தது. “தள்ளுங்கடா! இவ்வளவு நேரம் அழத் தெம்பிருந்துச்சே, தள்ளத் தெம்பில்லையா?” என்று ஷெராலி கத்தினான். ஐஸ் பொரபொரவென்று இளகியது. ஆம்புலன்ஸ் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறி, பாறை ஓரமாக நின்றது.

பின்கதவு உள்ளேயிருந்து திறந்தது. அனிபா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

“நான் சொன்னேன், கேட்டாளா?” என்றாள் பெகாயிம். “என் புருஷன் மலைமேல தனியாக் கிடக்கான், என்னைக் கொண்டு போ, இல்லாட்டி நடந்து போறேன்னு இறங்கிட்டா. பிள்ளைத்தாச்சிய நடக்கவா விடறது?”

ஷெராலி பக்கத்தில் போனான். அனிபா அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. பளார் என்று ஓர் அறை விட்டாள்.

“உப்பு தீர்ந்துபோச்சுன்னாங்க.”

“லாரில தீர்ந்துச்சு.”

“அதுக்குப் பெட்டி இறங்கிருச்சுன்னு சொல்லணும்னு எனக்கே தெரியும்! உனக்குத் தெரியாதா?” அதற்குமேல் பேச வலி விடவில்லை. அவன் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கும்போல இருந்தது. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. பெகாயிம்தான் பிரித்துவிட்டாள். “கொஞ்சினது போதும், வண்டிய எடு!”

லாரி ஏற்கெனவே மலையைப் பார்த்துத்தான் நின்றது. ஆம்புலன்ஸைக் கயிற்றால் பின்னால் கட்டிக்கொண்டு, தானே இளக்கிய தடத்தில் ஏறினான். உச்சியில் வயர்லெஸ் உயிர்பெற்றது. ஜூராகான் மூக்கைச் சிந்திக்கொண்டே யாரிடமோ துக்க விருந்துக்கு ஆடு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஷெராலி பேசறேன். பெட்டி இறங்கிருச்சு.”

அப்புறம் வந்தது பாருங்கள், அந்த வசவை அச்சில் ஏற்ற முடியாது.

இந்தப் பக்கத்து இறக்கத்தில் ஐஸ் என்பதே இல்லை. ஒரு மலைக்குப் போடவேண்டிய உப்பைப் பாதி மலைக்கே கொட்டியிருந்தானே! பாதை கறுத்து, நனைந்து, மண்தரை போல வண்டியைப் பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

பிறந்த குழந்தையை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுவது வழக்கம். தையல் வலி கொஞ்சம் அடங்கிய பிறகு, பெகாயிம் வாளியில் வெந்நீரோடு வந்து நின்றாள். “யார்கிட்டயாவது உப்பு இருக்கா?”

ஷெராலி அவசரமாகக் கோட்டுப் பையைத் துழாவினான். மணலும் தாருமாக ஓர் உப்புக் கட்டி வந்தது.

“அதைத் தூக்கிப் போடு, எரும! பிள்ளைக்கு ரோடா போடப்போறோம்?” என்றாள் பெகாயிம்.

கட்டிலில் படுத்திருந்த அனிபா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அவன்கிட்ட போய்க் கேக்கறியே அக்கா. அவன் உப்புதான் தீர்ந்துபோச்சே.”

துர்துகுல் விழுந்து விழுந்து சிரித்தான். பெகாயிம் சிரித்த சிரிப்பில் வாளி தளும்பியது. ஷெராலிக்குச் சிரிப்பு வரவில்லை. விறுவிறுவென்று வெளியே போனான். கடைத்தெருவில் வெள்ளை உப்பு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடிவந்து பெகாயிமிடம் நீட்டினான்.

“ஒரு சிட்டிகை போதும்டா. ஊரையே குளிப்பாட்டற அளவுக்கு வாங்கிட்டு வந்திருக்கே!” என்றாள் அவள். மூன்று விரலால் கிள்ளித் தண்ணீரில் போட்டுவிட்டு, பாக்கெட்டை என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அனிபா கையை நீட்டி அதை வாங்கினாள். பாக்கெட்டின் வாயை மடித்து, ஒரு துணி நாடாவால் இறுக்கக் கட்டி, ஷெராலியின் கையில் வைத்தாள்.

“மீதி உனக்கு,” என்றாள். “கொட்டாம வச்சுக்க.”